அஞ்சலை ஏன் திரும்பி வரவில்லை?

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சுக்காரரின் ரீயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றிய உங்கள் நாவலைப் படித்து முடித்தேன். 11 வயது அஞ்சலை அப்பாவோடு புதுச்சேரியில் கப்பலேறும்போது அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது. ஆனால் 17 வயதில் அவள் வேறு யாரோ ஆகிவிட்டாள். நடுவில் என்ன நடந்தது? அவள் வயதுக்கு வந்ததைக்கூட இரண்டு வரியில் தாண்டிவிட்டீர்கள். கடைசியில் அப்பாவைத் தனியாக அனுப்பிவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறாள். எனக்கு மனசு ஆறவில்லை. இன்னொன்று, பழைய பாலத்தில் ஏறாமல் ஏன் படகில் போகிறார்கள்?

எஸ்., கடலூர் முதுநகர்

அன்புள்ள எஸ்.,

பாலத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கதை தொடங்குவது 1863-ல். புதுச்சேரியில் கடல் பாலம் வந்தது 1866-ல். அதற்கு முன்பு கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும். ஆட்களைப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். (1952 புயலில் அந்தப் பாலம் போய்விட்டது. மிச்சமிருக்கும் தூண்களைத்தான் இப்போது பார்க்கிறோம்.)

அப்புறம் அந்த இரண்டு வரி. நம் பக்கம் பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவார், சீர் கொண்டுவருவார், அத்தைமார் தண்ணீர் ஊற்றுவார்கள். கரும்புத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளில், அஞ்சலைக்கு மாமனும் இல்லை, அத்தையும் இல்லை. அப்பா மட்டும்தான். அவர் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறார். அதற்கு மேல் அங்கே எழுத எதுவும் இல்லை.

அவள் வளர்வது வேறு இடத்தில். அந்தத் தீவின் பேச்சு அப்பாவுக்கு வரவே இல்லை, அவள் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறாள். துரை முன்னாலும் ஆஸ்பத்திரியிலும் அரிசி அளக்கிற இடத்திலும் அவருக்கும் சேர்த்து அவள்தான் பேசுகிறாள். தனக்காகக் கெஞ்சுவதற்குக்கூட மகளை நம்பி நிற்கும் அப்பாவைத் தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிற பெண் எத்தனை நாள் சிறுமியாக இருப்பாள்?

அந்த ஆபீஸ் காட்சியை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். 1861-ல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி கூலியாட்களின் ஒப்பந்தக் காலம் 5 வருஷம். முடிந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம். ஆனால் தானாக வேலையை நிறுத்திய நாட்களைக் கடைசியில் உழைத்து ஈடுகட்ட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அஞ்சலையின் அப்பா கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் கோடு போட்டு நாள் எண்ணிக்கொண்டு வருகிறார். 5 வருஷம் முடிந்த அன்று குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறார். கணக்கப்பிள்ளை நோட்டைப் பிரிக்கிறான். அவர் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களெல்லாம் மட்டம் போட்ட நாட்களாக ஏறியிருக்கின்றன. அஞ்சலை சண்டை போட்டுப் பார்க்கிறாள், எடுபடவில்லை. "என்னம்மா சொல்றான்?" என்கிறார் அப்பா. "கப்பல் இன்னும் வரலையாம்ப்பா. வந்ததும் சொல்லி அனுப்புறாங்களாம்."

நீங்கள் கேட்ட 'நடுவில்' இதுதான். அந்தப் பொய்யை அவள் யோசித்துச் சொல்லவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தாள், வாயில் வந்துவிட்டது. அதைக் காப்பாற்ற அடுத்த ஒரு வருஷம் அவள் படும் பாடுதான் அவளை மாற்றுகிறது. லயத்து ஆட்கள் அப்பாவிடம் உளறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ராத்திரியில் அவர் கப்பலைப் பற்றிக் கேட்டால் புதிதாக ஒரு காரணம் கைவசம் இருக்க வேண்டும். இதற்கு நடுவில் அவள் எங்கே அழுவாள்? ஒரு கலகத்தையோ புயலையோ வைத்து அவள் வளர்ந்துவிட்டாள் என்று காட்டியிருக்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கப்பல் பதிவேட்டில் பெயரும் வயதும் கிடைக்கும். அப்பாவிடம் ஒரு பெண் எதை மறைத்தாள் என்று அதில் கிடைக்காது. நான் எழுத நினைத்தது அதைத்தான்.

சரி, ஏன் திரும்பவில்லை? அதுவரை அவள் எடுத்த முடிவெல்லாம் அப்பாவுக்காக. இது ஒன்றுதான் தனக்காக. அம்மா செத்த பிறகு கிளம்பியவர்கள் அவர்கள். ஊரில் அவளுக்கென்று யாரும் இல்லை. தீவில் அவளுக்குப் பேச்சு இருக்கிறது, கைவேலை இருக்கிறது, தீமிதிக்குச் சேர்ந்து பூக்கட்டும் பெண்கள் இருக்கிறார்கள். ரீயூனியனில் இன்றைக்கும் திரௌபதிக்குத் தீமிதி நடக்கிறது என்றால், அது இப்படித் தங்கிப்போனவர்களால்தான். அப்பா அவளைத் திட்டிவிட்டுத்தான் கப்பலேறுகிறார். அவருடைய கோபம் நியாயமானது, உங்கள் வருத்தமும் அப்படித்தான். ஆனாலும் நான் அஞ்சலை பக்கம்தான்.