வாசகர் கேள்வி – பதில்: மக்களவையின் ஒரு நாள் அலுவல்

நாடாளுமன்றம் கூடும் காலங்களில் அவை நடவடிக்கை பற்றிக் கேட்டு வரும் கடிதங்கள் அதிகமாகின்றன. அவற்றில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்ததால், இந்த வாரப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: "நாளை மக்களவையில் இந்த மசோதா எடுத்துக்கொள்ளப்படுகிறது" என்று செய்தியாளர்கள் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். அது அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: அது உங்களுக்கும் தெரியக்கூடியதுதான். மக்களவைச் செயலகம் ஒவ்வோர் அமர்வுக்கும் 'அலுவல் பட்டியல்' ஒன்றைத் தயாரித்து உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே தருகிறது. அதே பட்டியல் மக்களவையின் இணையதளத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியாகிறது. யாரும் எடுத்துப் படிக்கலாம். அவை வழக்கமாகக் காலை 11 மணிக்குக் கூடி, 1 மணி முதல் 2 மணி வரை உணவு இடைவேளை விட்டு, மாலை 6 மணிக்குக் கலைகிறது. இந்த நேரத்துக்குள் எது முதலில், எது அடுத்து என்பதைப் பட்டியல் வரிசை எண்ணுடன் சொல்லிவிடும். கேள்விகள், அவையின் முன் வைக்கப்படும் ஏடுகள், நிலைக்குழுக்களின் அறிக்கைகள், அமைச்சர்களின் அறிக்கைகள், புதிய மசோதாக்களின் அறிமுகம், முன்பே அறிமுகமான மசோதாக்களின் பரிசீலனை என்று அது பொதுவாக இறங்கிச் செல்லும்.

மக்களவை நடைமுறை விதிகளில் 31ஆவது விதி இந்தப் பட்டியலைப் பற்றியது. பட்டியலில் இல்லாத எந்த அலுவலையும் மக்களவைத் தலைவரின் அனுமதி இல்லாமல் அன்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அது கூறுகிறது. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓர் உறுப்பினர், நாளை எதைப் பற்றி வாக்களிக்கப் போகிறோம் என்பதை இன்றே அறிந்து, மசோதாவைப் படித்து, துறை அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்து அவைக்கு வர முடிகிறதென்றால், அதற்கு இந்த விதியே காரணம். நாடாளுமன்ற நடைமுறைகளில் நான் மிகவும் மதிக்கும் விதிகளில் இதுவும் ஒன்று.

கேள்வி: ஒவ்வொரு நாளும் முதல் ஒரு மணி நேரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்குவதால் என்ன பயன்? அமைச்சர்கள் எழுதி வைத்த பதிலைத்தானே படிக்கிறார்கள்? (ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், திருநெல்வேலி)

பதில்: அமைச்சர் படிக்கும் பதில் அந்த ஒரு மணி நேரத்தின் தொடக்கம் மட்டுமே; அதன் பிறகு எழும் துணைக் கேள்விகளில்தான் அமைச்சருக்குச் சோதனை காத்திருக்கிறது.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அவ்வாறு ஒரு நாளுக்கு 20 கேள்விகள் பட்டியலில் இடம்பெறும். நட்சத்திரக் குறி இல்லாத 230 கேள்விகளுக்கு எழுத்து வடிவில் பதில் வரும். முதல் வகை பச்சைத் தாளிலும் இரண்டாம் வகை வெள்ளைத் தாளிலும் அச்சாவது மரபு. கேள்வி கேட்க விரும்பும் உறுப்பினர் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். யாருடைய கேள்விக்கு முன்னுரிமை என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் என ஒதுக்கப்பட்டிருப்பதால், எந்த அமைச்சர் எந்த நாளில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது முன்பே தெரிந்துவிடும். அச்சில் 20 கேள்விகள் இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் அவை அனைத்தையும் எட்டுவது அரிது. எட்டாத கேள்விகளுக்கு எழுத்துப் பதில் அவையின் முன் வைக்கப்பட்டுவிடும். ஆனால் அவற்றின் மீது துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு போய்விடுகிறது. அமளியால் முதல் மணி நேரம் ஒத்திவைக்கப்படும் நாட்களில் நாம் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

துணைக் கேள்விக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு முந்த்ரா விவகாரமே போதும். 1956இல் தொடங்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகம், மறு ஆண்டே ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்தது. பொதுமக்கள் கட்டிய காப்பீட்டுப் பணம், தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு எப்படிப் போனது என்ற ஐயம் 1957இல் மக்களவையில் கேள்வியாக எழுந்தது. கிடைத்த பதில்கள் நிறைவு தராமல் போகவே, அந்த ஆண்டு டிசம்பரில் அது விவாதமாக வளர்ந்தது. அதை முன்னின்று நடத்தியவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்த உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து, மக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தியது. நிதியமைச்சராக இருந்த நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அரசின் பெரும்பான்மைக்கு அப்போது எந்தக் குறையும் இருக்கவில்லை. இருந்தும், தொடர்ந்து கேட்கப்பட்ட கேள்விகளுக்கு முன்னால் நிதியமைச்சரின் நாற்காலி நிலைக்கவில்லை.

ஆகவேதான் 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில், பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் நீக்கப்பட்டபோது எனக்கு வருத்தம் ஏற்பட்டது. எழுத்துப் பதில்கள் அப்போதும் வந்தன; ஆனால் அமைச்சரை நேருக்கு நேர் வினவும் வழி அந்தத் தொடர் முழுவதும் அடைபட்டிருந்தது. அரசிடம் கேட்பதற்கு மிகுதியான கேள்விகள் இருந்த காலம் அது.

கேள்வி: 'பூஜ்ய நேரம்' பட்டியலில் எத்தனையாவது வரிசையில் வரும்? (போட்டித் தேர்வு எழுதும் வாசகர், கடலூர்)

பதில்: மக்களவை நடைமுறை விதிகளில் அந்தப் பெயரையே நீங்கள் காண முடியாது. கேள்வி நேரம் முடிந்து நண்பகல் 12 மணி அளவில், அவசரப் பொதுப் பிரச்சினைகளை உறுப்பினர்கள் எழுப்பும் வழக்கம் 1960களில் வலுப்பெற்று நிலைத்துவிட்டது. நம் சட்டமன்றச் செய்திகளில் 'நேரமில்லா நேரம்' என்று எழுதுகிறோமே, அதற்கு ஒப்பானது. தேர்வில் கேட்கக்கூடிய வேறுபாடு ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: மாநிலங்களவையில் 2014 நவம்பர் முதல் 11 மணிக்குப் பூஜ்ய நேரமும் 12 மணிக்குக் கேள்வி நேரமும் நடைபெறுகின்றன.

கேள்வி: அமைச்சர்கள் வரிசையாக எழுந்து ஏடுகளை 'அவையின் முன் வைக்கிறேன்' என்று சொல்லி அமர்வதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். இதைச் சடங்கு என்று எடுத்துக்கொள்ளலாமா? (இல்லத்தரசி, கோயம்புத்தூர்)

பதில்: சில நொடிகளில் முடிந்துவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. பொதுத்துறை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், சட்டங்களின் கீழ் அரசு பிறப்பிக்கும் விதிகள், அறிவிக்கைகள் ஆகியவை அந்த நொடிகளில்தான் பொது ஆவணங்களாக மாறுகின்றன. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளும் அரசமைப்புச் சட்டத்தின் 151ஆவது பிரிவின்படி இவ்வாறே நாடாளுமன்றத்தின் முன் வருகின்றன. மறுநாள் நாளிதழ்களில் தலைப்புச் செய்தியாகும் தணிக்கைத் தகவல்கள் பல, முதல் நாள் பட்டியலில் ஒற்றை வரியாக இருந்தவை. எனக்குத் தெரிந்த செய்தியாளர்களில் அனுபவம் மிகுந்தவர்கள் பட்டியலைக் கையில் எடுத்ததும் முதலில் படிப்பது இந்தப் பகுதியைத்தான்.

கேள்வி: காலைப் பட்டியலில் இல்லாத மசோதா, மாலைக்குள் நிறைவேறிவிட்டது என்று செய்தி வருகிறது. நீங்கள் சொன்ன 31ஆவது விதிக்கு இது முரணாகாதா? (வழக்கறிஞர், சேலம்)

பதில்: அதே விதி தலைவரின் அனுமதிக்கு இடம் தருவதால், விதிக்கு முரணாகாது. பட்டியல் வெளியான பின் புதிய அலுவலைச் சேர்க்க வேண்டுமானால் 'துணை அலுவல் பட்டியல்' வெளியிடப்படும். இயற்கைப் பேரிடர், எல்லைப் பிரச்சினை, நீதிமன்றம் விதித்த காலக்கெடு போன்றவை திடீரென வரும்போது அப்படி ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். என் மனக்குறை, அந்த வழி எத்தகைய மசோதாக்களுக்குப் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பற்றியது.

மக்களவையின் வழிகாட்டு நெறிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. மசோதாவை அறிமுகம் செய்ய விரும்பும் அமைச்சர் 7 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அறிமுகத்துக்கு இரண்டு நாட்கள் முன்பே மசோதாவின் படிகள் உறுப்பினர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். பரிசீலனைக் கட்டத்திலும், படி கைக்கு வந்து இரண்டு நாட்கள் ஆகவில்லை என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபிக்கலாம். தலைவர் விலக்கு அளித்தால் ஒழிய அந்த ஆட்சேபம் நிற்கும். விலக்கு என்று வைத்ததன் பொருளே அது அரிதாக வர வேண்டும் என்பதுதான்.

பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு இட ஒதுக்கீடு தந்த 103ஆவது அரசமைப்புத் திருத்தம், 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி, விவாதிக்கப்பட்டு, அன்றிரவே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்றியது. 2023 செப்டம்பர் 19 அன்று புதிய கட்டடத்தில் மக்களவை கூடிய முதல் நாளில், மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா துணைப் பட்டியல் வழியே அறிமுகமானபோது, படி தங்கள் கைக்கு வரவில்லை என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள். மறுநாள் விவாதத்துக்குப் பின் 454 பேர் ஆதரித்தும் 2 பேர் எதிர்த்தும் வாக்களித்து அது நிறைவேறியது. இத்தனை பேரின் ஆதரவு உள்ள மசோதாவை இரண்டு நாட்கள் முன்னதாகக் கொடுத்திருந்தால் அதற்கு எந்தக் கேடும் வந்திருக்காது. மசோதாவின் நன்மை தீமை வேறு, அதைப் படிக்கும் உரிமை வேறு. நான் ஆதரிக்கும் மசோதாவாக இருந்தாலும் இரண்டாவதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: ஒவ்வொரு மசோதாவுக்கும் இத்தனை மணி நேரம் என்று முடிவு செய்வது யார்? (அரசுப் பணியாளர், வேலூர்)

பதில்: அலுவல் ஆலோசனைக் குழு. மக்களவைத் தலைவரின் தலைமையில் 15 பேர் கொண்ட இந்தக் குழுவில் பல கட்சிகளின் பிரதிநிதிகளும் இருப்பார்கள். குழு பரிந்துரைத்த நேரத்தை அவை ஏற்றுக்கொண்ட பின், அது கட்சிகளுக்கு அவற்றின் பலத்துக்கு ஏற்பப் பகிரப்படும். ஓரிரு உறுப்பினர்கள் மட்டுமே உள்ள கட்சிக்குச் சில நிமிடங்களே கிடைப்பது இதனால்தான்.

ஆனால் ஒதுக்கிய நேரம் எல்லாம் பயன்படும் என்று சொல்ல முடியாது. வரவுசெலவுத் திட்டத்தின் மானியக் கோரிக்கைகளில், விவாதிக்க நேரமில்லாமல் நின்றவற்றைக் கடைசி நாளில் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவதை 'கில்லட்டின்' என்பார்கள். வழக்கமாகச் சில அமைச்சகங்களின் கோரிக்கைகளாவது விவாதிக்கப்பட்ட பிறகே அது வரும். 2018லும் 2023லும் அமளிக்கிடையே எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமின்றி நிறைவேறின.

கேள்வி: வெள்ளிக்கிழமை மட்டும் பட்டியல் வேறு மாதிரி இருக்கிறதே, ஏன்? (தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்)

பதில்: வெள்ளிக்கிழமை அமர்வின் கடைசி இரண்டரை மணி நேரம் 'தனி உறுப்பினர்' அலுவலுக்கு உரியது. அமைச்சராக இல்லாத எவரும், ஆளுங்கட்சிக்காரரும்கூட, இங்கே தனி உறுப்பினர்தான். ஒரு வெள்ளி மசோதாக்களுக்கு, அடுத்த வெள்ளி தீர்மானங்களுக்கு என மாறி மாறி வரும். 1970க்குப் பிறகு எந்தத் தனி உறுப்பினர் மசோதாவும் இரு அவைகளையும் கடந்து சட்டமாகவில்லை. ஆயினும், திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது சட்டமாகாமல் நின்றுவிட்டாலும், 2019இல் அரசே இப்பொருளில் ஒரு சட்டம் கொண்டுவரும் நிலை உருவானதில் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

முன்பு குறிப்பிட்ட பெரோஸ் காந்தியின் பெயர் இங்கும் வருகிறது. அவையில் நடந்ததை உள்ளபடி வெளியிடும் நாளிதழ்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த 1956ஆம் ஆண்டுச் சட்டம், அவர் தனி உறுப்பினராகக் கொண்டுவந்தது. நெருக்கடி நிலையின்போது 1976இல் அது நீக்கப்பட்டது. 1977இல் மீண்டும் சட்டமாயிற்று.

கேள்வி: என் மாணவர்களுக்கு நாடாளுமன்றத்தைப் பாடநூலுக்கு வெளியே காட்ட விரும்புகிறேன். தில்லிக்கு அழைத்துச் செல்ல வசதி இல்லை. என்ன செய்யலாம்? (அரசுப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: கூட்டத்தொடர் நடக்கும் ஏதேனும் ஒரு நாளின் அலுவல் பட்டியலை அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். மொழி ஆங்கிலம் என்பதால், ஒவ்வொரு வரியும் எந்த அமைச்சகத்தைப் பற்றியது என்பதை நீங்கள் தமிழில் சொல்லிக் கரும்பலகையில் எழுதலாம். அன்றைய நட்சத்திரக் கேள்விகளில் விவசாயம், ரயில், கல்வி என்று மாணவர்களுக்குப் பழக்கமான பொருளாக ஒன்றைத் தேர்ந்து, அமைச்சரிடம் தாங்கள் என்ன துணைக் கேள்வி கேட்பார்கள் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

அமர்வு முடிந்த பின், அன்று அவையில் நடந்தவற்றைச் சுருக்கமாகப் பதிவு செய்யும் செய்தி அறிக்கையின் முதல் பகுதி அதே இணையதளத்தில் வரும். அதையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கம் வைத்து, நடந்தவற்றுக்கு எதிரே ஒரு குறியும், நடக்காமல் போனவற்றுக்கு எதிரே வேறொரு குறியும் இடச் சொல்லுங்கள். இரண்டாவது குறி விழுந்த வரிகளில் எவை அடுத்த நாளின் பட்டியலில் மீண்டும் வருகின்றன, எவை வரவே இல்லை என்று ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள். மாணவர்கள் குறித்துத் தருவதை எங்களுக்கு அனுப்பினால், இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறோம்.