‘மன்னித்தேன்’ என்று யோசேப்பு சொல்லவில்லை

ஐயா,

சொத்துப் பிரிவினையில் என்னை ஏமாற்றிய தம்பிக்கு, ‘உன்னை மன்னித்துவிட்டேன்’ என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் கடிதம் எழுதினேன். காணிக்கையை வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனப்படி செய்தேன். பதிலே இல்லை. ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்கிறது வேதம். என் கடமை முடிந்ததா? தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவிடம், அவன் இருந்த சேயீருக்கு வருவதாகச் சொன்ன யாக்கோபு வேறிடமான சுக்கோத்துக்குப் போய்விட்டானே, அதுவும் ஒப்புரவுதானா?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் கடைசி அதிகாரமான ஐம்பதில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாரமாக அதைத் தாண்ட முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதில்.

ஏழெழுபது கணக்கை விடுங்கள். எத்தனை தரம் மன்னிப்பது என்று சீடர் பேதுரு இயேசுவிடம் எண்ணிக்கை கேட்டார், எண்ணி மாளாத ஒன்று கிடைத்தது. நீங்களோ ‘ஒன்று’ என்று குறித்துவைத்துக்கொண்டு ரசீதுக்குக் காத்திருக்கிறீர்கள்.

யோசேப்புக்கு வருகிறேன். யாக்கோபின் மகன்; பதினேழு வயதில் அண்ணன்மாரால் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவன். இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து, தானியம் தேடி எகிப்துக்கு வந்த அண்ணன்மார் முன் தன்னை வெளிப்படுத்துகிறான். கட்டிக்கொண்டு அழுகிறான். உங்களையே நொந்துகொள்ளாதீர்கள் என்கிறான். எல்லாம் சொல்கிறான், ‘மன்னித்தேன்’ என்பதை மட்டும் சொல்லவில்லை. தேடிப் பாருங்கள். அங்கே இருப்பது வேறொன்று: அதன்பின் சகோதரர்கள் அவனோடு பேசினார்கள். கதையின் தொடக்கத்தில், 37ஆம் அதிகாரத்தில், அவனோடு ஒரு நல்ல வார்த்தை பேச அவர்களால் முடியவில்லை என்றிருக்கும். இப்போது பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எழுதப்படவில்லை. எனக்கு அந்த வரி போதும்.

ஆனால் அண்ணன்மாருக்குப் போதவில்லை. பதினேழு ஆண்டுகள் எகிப்தில் வாழ்ந்து யாக்கோபு இறந்ததும், இனி பழிவாங்குவான் என்று நடுங்குகிறார்கள். ‘அவர்களை மன்னித்துவிடு என்று அப்பா சாகுமுன் சொன்னார்’ என்று ஆள் அனுப்புகிறார்கள். யாக்கோபு அப்படிச் சொன்னதாக எங்கும் இல்லை; பயத்தில் கட்டிய கதை என்றே நினைக்கிறேன். அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். அத்தனை ஆண்டு அவன் கையால் சாப்பிட்டவர்கள், தீர்ப்பு நாளுக்குக் காத்திருந்தவர்களாகவே சாப்பிட்டிருக்கிறார்கள். கேட்டபிறகாவது அந்தச் சொல்லைச் சொன்னானா? இல்லை. ‘நான் என்ன தேவனா?’ என்றான். உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் பராமரிப்பேன் என்றான்.

ஐயா, அவன் உட்கார மறுத்த நாற்காலியில் நீங்கள் ஏறி உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

நானும் அண்ணன்மார் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். பதினாறு வயதில் அக்காவின் டைரியை உறவினர்கள் கூடியிருந்தபோது உரக்கப் படித்தேன். வேடிக்கை என்று நினைத்தேன். நான்கு ஆண்டுகள் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு அப்பா மருத்துவமனையில் இருந்த ஓரிரவு, நான் அமர்ந்திருந்த பெஞ்சின் அருகே வந்து, ‘நகர்ந்து உட்கார்’ என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து பேசினோம். பல ஆண்டுகள் கழித்து, அப்பா இறந்த வாரம், ‘அக்கா, அந்த டைரி...’ என்று தொடங்கினேன். அவள் முகம் விழுந்துவிட்டது. ‘இவ்வளவு நாளும் அதை வைத்துக்கொண்டா என்னோடு பேசினாய்?’ என்று அழுதாள். ஐம்பதாம் அதிகாரம் அப்போதுதான் எனக்குப் புரியத் தொடங்கியது.

சுக்கோத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யாக்கோபு சொன்னது பொய்தான். ஏழுதரம் தரையில் விழுந்து வணங்கியவனுக்கு, அண்ணனோடு ஒரே வழியில் நடக்கத் துணிவு வரவில்லை. ஆனாலும் தகப்பன் ஈசாக்கை அடக்கம் செய்ய இருவரும் வந்து நின்றார்கள்.

காணிக்கை வசனத்தை மறுபடி படியுங்கள். உனக்குச் சகோதரன்மேல் குறை இருந்தால் என்றில்லை அங்கே. உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை இருந்தால் என்றிருக்கிறது. உங்கள் முழுக் கடிதத்தில் தம்பியின் தரப்பு ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் அதை மட்டும் எழுதுங்கள்.