எல்லை தாண்டினால் பர்மிட் செல்லுமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் (கேரி பர்மிட்) பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்கிறது. என் டெக்சாஸ் துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் ஏன் செல்லாது? 2022இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டதே?
*– டாலஸ் வாசகர்*

பதில்: ஒருவர் தரும் ஓட்டுநர் உரிமத்தை மற்றவர் ஏற்பது என்று மாநிலங்கள் எப்போதோ ஒத்துப்போய்விட்டன. துப்பாக்கி விஷயத்தில் அந்த ஒற்றுமை இல்லை. பொதுமக்களுக்கு மத்திய அரசு தரும் கேரி பர்மிட் என்று ஒன்று கிடையாது. யாருடைய பர்மிட்டை ஏற்பது என்பதை நீங்கள் போய் நிற்கும் மாநிலம்தான் முடிவு செய்யும். கலிஃபோர்னியா, ஓரிகன், ஹவாய், இல்லினாய், நியூயார்க், நியூ ஜெர்சி, மேரிலாண்ட், கனெக்டிகட், மாசச்சூசெட்ஸ், ரோட் ஐலண்ட் ஆகிய பத்தும் வாஷிங்டன் டி.சி.யும் வெளியார் பர்மிட்டை ஏற்பதில்லை. நியூயார்க்கில் இன்னும் ஒரு படி மேல். மாநிலத்தின் பிற பகுதியில் வாங்கிய லைசென்ஸ்கூட நியூயார்க் நகருக்குள் தனி அனுமதியின்றிச் செல்லாது.

நீங்கள் சொல்லும் தீர்ப்பு புரூயன் வழக்கு. பர்மிட் கேட்பவரிடம் "உங்களுக்கு மட்டும் என்ன விசேஷத் தேவை?" என்று நியூயார்க் கேட்கக் கூடாது என்றது அது. டெக்சாஸ் அட்டையை நியூயார்க் ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லா மாநிலமும் ஏற்றாக வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231–198 என்று நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை. மறுபடி மறுபடி கொண்டுவருகிறார்கள். சட்டமாகும் வரை அதை நம்பிப் பயணம் கிளம்பாதீர்கள்.

கேள்வி: டெக்சாஸில்தான் இப்போது பர்மிட்டே வேண்டாமே. 40 டாலர் கட்டி எதற்கு எல்.டி.சி. (டெக்சாஸ் தரும் துப்பாக்கி லைசென்ஸ்) வாங்க வேண்டும்?
*– எல் பாசோ வாசகர்*

பதில்: 2021 செப்டம்பர் 1 முதல் அங்கே 21 வயதானவர்களுக்கு, சட்டத் தடை இல்லாதவர்களுக்கு, பர்மிட் வேண்டாம் என்பது சரி. அப்படிப்பட்ட மாநிலங்கள் இன்று 29. ஆனால் உங்கள் ஊரிலிருந்து லாஸ் குரூசஸ் முக்கால் மணி நேர ஓட்டம். அது நியூ மெக்சிகோ. காருக்குள் தோட்டா போட்ட துப்பாக்கி இருக்கலாம், பர்மிட் தேவையில்லை. பெட்ரோல் போட இறங்கும்போது அதே துப்பாக்கி சட்டைக்குள் இடுப்பில் இருந்தால் பர்மிட் வேண்டும். அந்த மாநிலம் டெக்சாஸ் எல்.டி.சி.யை ஏற்கிறது. அட்டை இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் காரின் கதவைத் திறந்து கால் வைத்த இடத்தில் குற்றம்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். 1990இல் வந்தது, 1995இல் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது, 1996இல் திருத்தத்தோடு திரும்பி வந்தது. இதில் விலக்கு, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே தந்த லைசென்ஸ் வைத்திருப்பவருக்குத்தான். பர்மிட் வேண்டாத மாநிலத்தில் பர்மிட் இல்லாமல் போகிறவருக்கு அந்த விலக்கு கிடையாது. அடுத்த மாநிலம் உங்கள் அட்டையை ஏற்றாலும் மத்தியச் சட்டத்தின் கணக்கில் அது சேராது. 1,000 அடி என்றால் சுமார் 300 மீட்டர். ஊருக்குள் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பள்ளிக்கூடம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். தோட்டாவை எடுத்துப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எல்.டி.சி.க்கான சுடும் தேர்வைக் கண்டு பயப்பட வேண்டாம். 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250க்கு 175 எடுத்தால் போதும்.

கேள்வி: யூட்டா மாநிலம் வெளியூர்க்காரர்களுக்கும் பர்மிட் தருகிறதாம். அதை வாங்கிவிட்டால் பாதி நாடு சுற்றலாம் என்கிறார்களே?
*– அட்லாண்டா வாசகர்*

பதில்: விற்பவர்கள் காட்டும் வரைபடத்தில் பச்சை நிறம் தாராளமாக இருக்கும். அடிக்குறிப்பைப் படியுங்கள். கொலராடோவும் மிச்சிகனும், பர்மிட் தந்த மாநிலத்திலேயே நீங்கள் குடியிருந்தால்தான் அதை ஏற்கும். ஜார்ஜியாவாசியின் யூட்டா அட்டை அங்கே வெறும் பிளாஸ்டிக். அதோடு, உங்கள் மாநிலம் யூட்டா பர்மிட்டை ஏற்பதாக இருந்தால், சொந்த மாநில பர்மிட்டை முதலில் காட்டச் சொல்லும் யூட்டா. முதலில் ஜார்ஜியா பர்மிட்டை வாங்குங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: பென்சில்வேனியா பர்மிட் இருக்கிறது. நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட், மாசச்சூசெட்ஸ் வழியாக மெய்னுக்குக் காரில் போகிறேன். துப்பாக்கியை எப்படிக் கொண்டுபோவது?
*– பிலடெல்பியா வாசகர்*

பதில்: நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றும் உங்கள் பர்மிட்டை மதிக்காது. உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு 1986இல் வந்த மத்தியச் சட்டம். புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கியைச் சட்டப்படி எடுத்துச் செல்ல முடியுமானால், இடையில் கடந்து போகலாம் என்கிறது அது.

வீட்டிலேயே மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) இழுத்து, குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது; மேகசின் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்தால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். துப்பாக்கியைக் கெட்டியான பெட்டியில் பூட்டி டிக்கியில் வையுங்கள். தோட்டாவும் டிக்கியில்தான், வேறு பெட்டியில். இரண்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. எஸ்.யூ.வி., மினிவேன் போன்றவற்றில் தனி டிக்கி இல்லாததால் பூட்டிய பெட்டி கட்டாயம். கிளவ் பாக்ஸும் கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. சட்டமே அவற்றைப் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது.

மேகசினைக் கவனியுங்கள். நியூ ஜெர்சியில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை வைத்திருப்பதே குற்றம். மத்தியச் சட்டம் துப்பாக்கியையும் தோட்டாவையும் சொல்கிறது, மேகசினைப் பற்றிப் பேசவில்லை. 10 கொள்ளும் மேகசினை மட்டும் எடுத்துப்போங்கள்.

வழியில் இரவு தங்காதீர்கள். 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போனவர் நியூவார்க்கில் இணைப்பைத் தவறவிட்டார். பெட்டியைக் கையில் வாங்கி ஓட்டலில் தங்கி, மறுநாள் கவுண்டரில் ஒளிக்காமல் "துப்பாக்கி இருக்கிறது" என்றார். கைது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் கைது செய்தவர்கள்மேல் அவர் போட்ட வழக்கில், ஓட்டல் அறையில் பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் மத்தியச் சட்டம் அவரைக் காக்காது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெட்டியை வாங்கும் முன்பே விமான நிலையப் போலீஸிடம் போயிருக்கலாம் என்பது நீதிபதிகளின் யோசனை. கேட்க எளிது.

உங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் 2013இல் நியூ ஜெர்சியில் வண்டியை நிறுத்திய போலீஸிடம், பென்சில்வேனியா பர்மிட்டையும் துப்பாக்கி இருப்பதையும் தாமாகவே சொல்லி மாட்டிக்கொண்டார். அங்கே பர்மிட் இல்லாத கைத்துப்பாக்கிக்கு 5 முதல் 10 ஆண்டு சிறை. அதில் குறைந்தது 42 மாதம் பரோல் இல்லாமல். 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னித்ததால்தான் அவருக்கு விமோசனம்.

கேள்வி: நான் எச்-1பி. பர்மிட் தேவைப்படாத மாநிலத்தில்தானே இருக்கிறேன், வைத்துக்கொள்ளலாமா?
*– ஹூஸ்டன் வாசகர்*

பதில்: கூடாது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பெருங்குற்றம். மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது மாறாது. வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள்; உண்மைதான். ஆனாலும் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் அதில் இறங்காதீர்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் மாநில எல்லையில் செய்யும் ஒரு தவறு அவர்களுக்கு அபராதத்தோடு முடியாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவே அது காரணமாகலாம்.

கேள்வி: போலீஸ் வண்டியை நிறுத்தினால் நானாகச் சொல்ல வேண்டுமா?
*– டெட்ராய்ட் வாசகர்*

பதில்: மிச்சிகன், வட கரோலினா, அலாஸ்காவில் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். டெக்சாஸில் அடையாள அட்டை கேட்டால் எல்.டி.சி.யையும் சேர்த்து நீட்ட வேண்டும். எங்கானாலும் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். "கன்" என்ற சொல்லில் பேச்சைத் தொடங்க வேண்டாம். பர்மிட் இருக்கிறது என்பதை முதலில் சொல்லி, துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று சொல்லி, "நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். பர்ஸும் துப்பாக்கியும் இடுப்பின் ஒரே பக்கத்தில் இருந்தால் பர்ஸை எடுக்கப் போகும் கையே விபரீதமாகத் தெரியும். பர்ஸை மறுபக்கம் மாற்றுங்கள்.

கேள்வி: பர்மிட் ஏற்கப்படும் மாநிலத்தில் எங்கும் போகலாம்தானே?
*– டென்வர் வாசகர்*

பதில்: இல்லை. தபால் நிலையத்துக்குள் கூடாது; அதன் சொந்தப் பார்க்கிங் இடத்திலும் தபால் துறை விதி தடுக்கிறது. தேசியப் பூங்காவில் 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டம்தான், ஆனால் பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் தடை. யெல்லோஸ்டோன் மூன்று மாநிலங்களில் பரவிக் கிடப்பதையும் நினைவில் வையுங்கள். டெக்சாஸ் கடை வாசலில் 30.06 என்ற சட்டப் பிரிவு எண்ணோடு, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஓர் அங்குல எழுத்தில் பலகை இருந்தால் எல்.டி.சி. உள்ளவரும் மறைத்துக்கொண்டு நுழைய முடியாது. சிவப்பில் 51% என்றிருந்தால் அது வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்று ஈட்டும் பார், அங்கேயும் அப்படித்தான்.

கேள்வி: பக்கத்து மாநிலக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. கைத்துப்பாக்கி வாங்கி வரலாமா?
*– சார்லட் வாசகர்*

பதில்: பணம் கட்டலாம், கையில் எடுத்து வர முடியாது. அந்தக் கடை உங்கள் மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற கடைக்கு அனுப்பும். அங்கே படிவமும் பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்தபின்தான் உங்களுக்கு. அனுப்பும் செலவையும் இங்குள்ள கடைக்காரர் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று முடிவு செய்யுங்கள்.