கழிமுக மீன் எதைத் தின்று வளர்ந்தது? ஐசோடோப்பு கேள்வி பதில்

கேள்வி: மீனின் வயிற்றை அறுத்தாலே தெரிந்துவிடாதா? ஐசோடோப்பு எதற்கு?

பதில்: வயிறு கடைசி வேளைச் சாப்பாட்டை மட்டும் காட்டும். மடவை வயிற்றில் பாதிக்கு மேல் சேறும் மணலுமாக இருக்கும். அதில் எது உடம்பில் ஒட்டியது? ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை; உணவில் கனமான, லேசான அணுக்கள் கலந்திருக்கும் விகிதம் தின்றவன் உடம்பிலும் பதியும். அதைத் தசையில் அளந்தால் பல வாரங்களாகச் செரித்ததன் சராசரி கிடைக்கும். இரையின் பெயர் மட்டும் கிடைக்காது. அதற்குக் கத்தியை எடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: கதிரியக்க ஆபத்து உண்டா?

பதில்: இல்லை, நாம் அளக்கும் ஐசோடோப்புகள் சிதையாதவை. உங்கள் உடம்பின் கார்பனிலும் ஏறத்தாழ 1.1 சதவீதம் அதன் கனமான வகையான கார்பன்-13தான்.

கேள்வி: கார்பன், நைட்ரஜன் இரண்டும் போதாதா? கந்தகத்துக்கு ஆய்வகத்தில் தனிக் கட்டணம் கேட்கிறார்கள், ஐயா.

பதில்: கொடுத்துவிடுங்கள். கனமான நைட்ரஜனான நைட்ரஜன்-15, தின்னப்படுவதிலிருந்து தின்பதற்கு ஏறும் உணவுப் படி ஒன்றுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 3.4 ஏறும், அதனால் மீன் எந்தப் படியில் இருக்கிறது என்று தெரியும். கார்பன் அதிகம் மாறாது. அதனால் உணவு தொடங்கிய இடத்தைக் காட்டும். சிக்கல் அங்கேதான். அமெரிக்காவில் ஜார்ஜியா கரையிலுள்ள சபேலோ தீவின் உவர் சதுப்பில் ஸ்பார்டினா புல்லின் கார்பன் மதிப்பு (பொது அளவுகோலைவிடக் கனமான வகை ஆயிரத்துக்கு எவ்வளவு கூட அல்லது குறைவு என்ற எண்) சுமார் மைனஸ் 13, மிதவைப் பாசிக்கு மைனஸ் 21, கரைமேட்டு மரங்களுக்கு மைனஸ் 28. ஒரு மட்டியில் மைனஸ் 20 வந்தால் அது பாசியைத் தின்றதா, புல்லும் மர இலையும் கலந்து தின்றதா? கார்பனைக் கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டும். கந்தகம்தான் முடிச்சை அவிழ்த்தது. பாசி கடல்நீரில் உள்ள கந்தகத்தை, அதாவது சல்பேட்டை, எடுப்பதால் அதன் மதிப்பு 20-ஐ ஒட்டி நிற்கும். புல் சேற்றில் உள்ள கந்தகமான சல்பைடையும் உறிஞ்சுவதால் மிகத் தாழ்ந்திருக்கும். பீட்டர்சன், ஹோவர்த் என்ற ஆய்வாளர்கள் 1987-இல் மூன்றையும் சேர்த்து அளந்து, புல்லும் பாசியுமே முக்கிய உணவு, மரங்களின் பங்கு சொற்பம் என்று காட்டினார்கள்.

கேள்வி: எங்கள் மாதிரிகள் ஃபார்மலினில் இருக்கின்றன.

பதில்: ஃபார்மலின் மதிப்பை நகர்த்திவிடும். இனி உறையவையுங்கள். கார்பன்-நைட்ரஜன் விகிதம் 3.5-ஐத் தாண்டினால் கொழுப்புக்குத் திருத்தம் தேவை; கொழுப்பில் கார்பன்-13 குறைவு.

கேள்வி: நகரையொட்டிய ஓடையில் மடவைக்கு நைட்ரஜன் மதிப்பு மிக அதிகம். ஊன் தின்கிறதா?

பதில்: சாக்கடை கலக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழிவுநீர் அடிமட்டத்திலேயே நைட்ரஜன்-15-ஐ உயர்த்திவிடும். அதே ஓடையில், அதே பருவத்தில் நத்தையோ மட்டியோ எடுத்து ஒப்பிடாத எண்ணை நான் நம்புவதில்லை.

கேள்வி: கடலில் பிடித்த பெரிய இறாலில் சதுப்பின் அடையாளமே இல்லையே?

பதில்: இளம் இறால் கழிமுகத்தில் வளர்ந்து கடலுக்குப் போகும். புதுத் தசை சேரச் சேரப் பழைய உணவின் தடயம் மங்கும். அது சதுப்பில் வளரவே இல்லை என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.