பக்கத்து வீட்டுக்காரரின் மருத்துவச் செலவுக்கு ஊரில் பணம் திரட்டப் போகிறீர்களா?

கேள்வி: எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். பக்கத்து வீட்டு அண்ணன் வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர். பத்து நாளுக்கு முன் இரவில் பைக்கில் வந்தபோது வேன் மோதித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. தலையிலும் அடி. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறார். இதுவரை 2,10,000 ரூபாய் கட்டியாயிற்று. இன்னும் 3 லட்சம் ஆகும் என்கிறார்கள். அண்ணியின் நகையெல்லாம் அடகில் இருக்கிறது. தெரு இளைஞர்கள் சேர்ந்து பணம் திரட்ட நினைக்கிறோம். முன்பு ஒருவருக்காகத் திரட்டியபோது கணக்கு விஷயத்தில் சண்டை வந்தது. அண்ணியோ, "ஊரில் கையேந்த வேண்டாம்" என்கிறார். எப்படித் தொடங்குவது?

பதில்: அந்த 3 லட்சம் என்ற எண்ணை இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதீர்கள். மருத்துவமனை உதவி மையங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரசு கொடுத்திருக்கக்கூடிய பணத்தை ஏழைகளின் சட்டைப் பையிலிருந்து திரட்டிய ஊர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய தொகையைக் குறைக்கப் பாருங்கள். அதற்கு இரண்டு நாள் அலைச்சல் போதும்.

நாளைக் காலை மருத்துவமனை அலுவலகத்தில் இதுவரையான பில்லை விவரமாக வாங்குங்கள். படுக்கைக் கட்டணம், மருந்து, ஸ்கேன், தொடையில் வைக்கும் கம்பி அல்லது ப்ளேட் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். பயன்படுத்தாத மருந்தைத் திருப்பிக் கொடுத்தால் பில்லில் கழிப்பார்களா என்றும் கேளுங்கள். அதோடு, "முதல் 48 மணி நேரச் செலவு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்ததா?" என்று கேளுங்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் திட்டம் அது. 2021 டிசம்பரில் தொடங்கியது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்று அதில் பார்ப்பதில்லை. மத்திய அரசும் 2025 மே முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழி செய்திருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு அந்த நாட்கள் கடந்துவிட்டன. ஆனாலும் அப்போதே பதிவு செய்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

இனி வரும் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, குடும்ப அட்டை, ஆதார் இரண்டோடும் திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோயாளி படுக்கையில் இருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். இதில் பலர் கோட்டைவிடுவது ஓரிடத்தில்தான்: அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்கியாக வேண்டும். கட்டிய பணத்துக்கு ரசீதைக் காட்டிப் பிறகு வாங்க முடியாது. ஆகவே அடுத்த அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன் இதை முடியுங்கள்.

இப்போதுள்ள மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இல்லையென்றால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். தலையில் அடி இருப்பதால் முடிவு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். "அரசு ஆஸ்பத்திரிக்கா?" என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். டெல்டாவின் விபத்துக் காயங்களை அன்றாடம் பார்க்கும் இடம் அது. மாற்றலாம் என்று மருத்துவர் சொன்னால் தயங்காதீர்கள்.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வேனுக்குக் காப்பீடு இருந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மருத்துவச் செலவும் இழந்த கூலியும் கேட்கலாம். மனுவுக்குச் சட்டம் வைத்திருக்கும் காலம் விபத்திலிருந்து ஆறு மாதம். வேன்காரர் தரப்பு பத்தாயிரம் இருபதாயிரத்தோடு வந்து "பேசி முடித்துக்கொள்வோம்" என்றால், அண்ணி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு வழக்கறிஞரைப் பார்த்த பிறகு போதும். மூல ரசீதுகள் எல்லாம் ஒரே பையில், ஒரே வீட்டில் இருக்கட்டும். அண்ணனின் வங்கிப் பாஸ்புக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்றும் புரட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் அவருக்குப் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு இருக்கிறது. மருத்துவச் செலவுக்கு அதில் பணம் வராது; உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் வரும். அப்படி ஆகக்கூடாது என்றே வேண்டுவோம், இருந்தாலும் வங்கிக்கு இப்போதே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நிற்கும் தொகைதான் நீங்கள் ஊரிடம் கேட்க வேண்டியது. அது 80,000 ஆகவும் இருக்கலாம்.

இப்போது அண்ணியின் பேச்சுக்கு வருகிறேன். அதை வீம்பு என்று தள்ளிவிடாதீர்கள். நம் காவிரிப் படுகையில் நோட்டில் பேர் எழுதிப் பணம் வாங்கினால் அது மொய். பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்தே மூலதனம் திரட்டுகிறார்கள். வாங்கியதை அவரவர் விசேஷத்தில் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும். திருப்பாதவரை ஊர் மறக்காது. கால் ஊன்ற முடியாத கணவரை வைத்துக்கொண்டு இருநூறு வீட்டுச் செய்முறையைத் தலையில் ஏற்றிக்கொள்ள அந்தப் பெண் அஞ்சுகிறார். நியாயமான அச்சம் அது.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "இது மொய் அல்ல. யாரும் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை. மருத்துவமனைக்குக் கட்டவும், அவர் எழுந்து நடக்கும்வரை வீட்டுச் செலவுக்கும் மட்டும். மீதம் இருந்தால் குழந்தைகளின் படிப்புக்கு." அதை அவரிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே தெருவில் இறங்குங்கள். தெருவில் வயதான பெண் ஒருவரை அனுப்பிப் பேசச் சொல்வது நல்லது. இளைஞர்கள் நான்கு பேர் போய் நின்றால் அவர் மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் தவிப்பார். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு கிடக்கும் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். அவர் நாளை அதே தெருவில் நடக்க வேண்டியவர். ஆதார் எண்ணும் வெளியே போகக்கூடாது. மீதி பில் தொகையும், நோட்டு யாரிடம் இருக்கிறது என்பதும் போதும்.

முன்பு சண்டை வந்தது என்கிறீர்கள். பணம் ஒருவர் கையிலும் கணக்கு அவர் மனத்திலும் இருந்திருக்கும். பெரும்பாலும் யாரும் திருடியிருக்க மாட்டார்கள். இந்த முறை மூன்று பேர் பொறுப்பேற்க வேண்டும், அதில் ஒருவர் பெண். ரொக்கத்தை அன்றன்று மாலையே அண்ணியின் கணக்கில் கட்டுங்கள். இல்லையென்றால் மருத்துவமனையில் நேராகக் கட்டி ரசீதை நோட்டிலேயே ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை, ஞாயிறு மாலை, பிள்ளையார் கோயில் வாசலில் வரவையும் செலவையும் உரக்கப் படியுங்கள். தொகை சிறிது என்பதால் யார் பேரையும் விட்டுவிடாதீர்கள்.

கியூஆர் குறியீடும் அண்ணியின் பேரிலேயே இருக்கட்டும். உங்கள் கணக்கில் வாங்கினால் அது உங்கள் வருமானமா என்ற கேள்வி வரும். உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வரும் தொகையை வருமானவரிச் சட்டம் வருமானமாகவே பார்க்கிறது. முன்பின் தெரியாத ஒரு பரிமாற்றத்தால் கணக்கு முடக்கப்பட்டால் அதுவும் உங்கள் தலையில் விழும். இன்னொன்றையும் வங்கியில் கேட்டுவிடுங்கள். முழு ஆவணம் இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் ஓராண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. ஆதாரையும் பான் அட்டையையும் கொடுத்து அதை முழுக் கணக்காக மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். நாற்றுவிட்டு நடவு நடக்கும் நாட்களில் நம் விவசாயிகளிடம் காசு இருக்காது. அப்போது போய் நின்றால் கொடுக்க மனமிருப்பவரும் கூசுவார். அவர்களிடம் "அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் பணம் வந்ததும் கொடுங்கள்" என்று சொல்லி நோட்டில் தனிப்பக்கத்தில் குறியுங்கள். நெல்லாகக் கொடுத்தாலும் வாங்குங்கள். உடனடித் தேவைக்கு, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் அண்ணியின் கணக்குக்கே அனுப்பட்டும். ஊர்ச் சங்கக் கணக்கில் வாங்கினால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பும் பணத்துக்குத் தனிச் சட்ட அனுமதி வேண்டியிருக்கும்.

காசில்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இரவில் துணைக்கு இருக்க ஆள்முறை போடுங்கள். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு, பிள்ளைகளுக்கு இரவுச் சோறு போட ஒரு வீடு. பத்து நாளாகத் தூங்காத அண்ணிக்கு இப்போது பணத்தைவிட இது பெரிது.

திரட்டியதை எல்லாம் மருத்துவமனையிலேயே கொட்டிவிடாதீர்கள். தொடை எலும்பு கூடி, மீண்டும் வயலில் இறங்க மாதக்கணக்காகும். ஊர் கலைந்து போன பிறகுதான் அந்தக் குடும்பம் தனியாக நிற்கும். மூன்றில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்குங்கள். மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை முதலில் கழுத்தைப் பிடிக்கும். இப்போதே போய்த் தவணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். வீடு திரும்பியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவார்கள். கார் வாடகை மிஞ்சும்.

அவர் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடக்கும் நாளில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் மீதித் தொகையை எழுதி, பொறுப்பாளர்கள் மூவரும் கையெழுத்துப் போட்டு, அதை அண்ணியின் கையில் கொடுத்துவிடுங்கள்.