பதிவேட்டில் இன்று பேனா வைக்காதீர்கள்

கேள்வி: அப்பா தொடங்கிய மெடிக்கலை பதினொரு வருடமாக நான் நடத்துகிறேன். லைசென்ஸில் பெயர் உள்ள பார்மசிஸ்ட் கடைக்கு வருவதில்லை. சர்டிபிகேட்டுக்காக மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து வந்தேன். ஏழு மாதமாகப் பாக்கி. போன மாதம் மருந்து ஆய்வாளர் திடீரென்று வந்தார். அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் தூக்க மாத்திரை ஆறு மாதத்தில் 240 அட்டை வாங்கியிருக்கிறேன். கடையில் இருந்தது 30 அட்டை. டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய இந்த மாதிரி மருந்துகளின் விற்பனையை எழுதிவைக்கும் எச்1 பதிவேட்டில் 52 அட்டைக்குத்தான் கணக்கு இருந்தது. பதிவேட்டின் கடைசிப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பதிவேட்டை என்னிடமே விட்டுப் போனார். இப்போது லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. இதற்கிடையில் 20 அட்டையோடு இரண்டு பையன்களைப் பிடித்த போலீஸ், அவர்கள் என் கடையைச் சொன்னதாலும் பேட்ச் நம்பர் ஒத்துப்போனதாலும் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறது. எதிர்க்கடைக்காரர் போட்ட பெட்டிஷன்தான் இதற்கெல்லாம் காரணம். ஆய்வாளர் வாடிக்கையாளர்கள் முன்னால் என்னை மரியாதையில்லாமல் பேசினார். எல்லாக் கடையிலும் நடப்பதுதான் என் கடையிலும் நடந்தது. விற்றது கடைப் பையன், எனக்குத் தெரியாது. தெரிந்த டாக்டர் ஒருவர் பழைய தேதியில் சீட்டு எழுதித் தருகிறேன் என்கிறார். மருந்துச் சட்டத்தில் போலீசுக்கு அதிகாரமே இல்லை என்று தீர்ப்பு இருக்கிறதாமே, போலீஸ் வழக்கை ஐகோர்ட்டில் ரத்து செய்துவிடலாமா?

பதில்: எதிர்க்கடைக்காரரை மறந்துவிடுங்கள். பெட்டிஷன் யார் போட்டார், ஏன் போட்டார் என்று எந்த நீதிமன்றமும் கேட்கப்போவதில்லை. ஆய்வாளர் பேசிய விதம் உங்களுக்கு வலித்திருக்கும், அது புரிகிறது. ஆனால் அதை விளக்கக் கடிதத்தில் எழுதினால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாததால் வேறு பேசுகிறார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். மற்ற கடைகளிலும் இதுதான் நடக்கிறது என்பது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி. அதையும் எழுதாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு முக்கியமானது ஒரே ஒரு எண்தான், அதை நீங்கள் எழுதவே இல்லை. 240-இல் 30-உம் 52-உம் போக மீதி 158 அட்டை. அவை எங்கே போயின?

பார்மசிஸ்ட் இல்லாததும் பதிவேடு சரியாக இல்லாததும் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940-இன் கீழ் வரும் குற்றங்கள். லேசானவை என்று சொல்லமாட்டேன். 27(டி) பிரிவில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் இரண்டாண்டு சிறை, 20,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஆவணங்களை வைத்துக்கொள்ளாததற்கு 28ஏ தனியாக இருக்கிறது. ஆனாலும் இவற்றிலிருந்து வெளியே வர வழி உண்டு. 2023-இன் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் 27(டி)-யையும் 32பி பிரிவின் கீழ் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமாக ஆக்கிவிட்டது. பணம் கட்டி முடித்துக்கொண்டால் அதற்கு மேல் வழக்கு நடக்காது.

அந்த 158 அட்டை அப்படி இல்லை. அல்பிரசோலம் எச்1 பட்டியலில் உள்ள மருந்து மட்டுமல்ல, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் மனமயக்கப் பொருள். அந்தச் சட்டத்தின் விதிகளில் 65ஏ என்று ஒன்று இருக்கிறது. மருந்து விதிகளில் சொன்னபடி தவிர வேறு எப்படியும் இதை விற்கக்கூடாது என்கிறது அது. ஆக, டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு அட்டை கொடுத்தாலே போதைப்பொருள் சட்டத்துக்குள் காலை வைத்தாகிவிட்டது. அங்கே சமரசம் என்ற பேச்சே கிடையாது.

அந்தச் சட்டத்தில் எடையை வைத்துத்தான் தண்டனை. எடைக் கணக்கைப் பாருங்கள். இதை என் கட்சிக்காரர்களுக்குத் தாளில் எழுதிக் காட்டினால்தான் நம்புகிறார்கள். அல்பிரசோலத்துக்கு 5 கிராம் வரை சிறிய அளவு, 100 கிராமுக்கு மேல் வணிக அளவு. அட்டைக்குப் பத்து மாத்திரை என்றால் 158 அட்டையில் 1,580 மாத்திரை. ஒன்றில் அரை மில்லிகிராம் மருந்து. எல்லாம் சேர்த்து 0.79 கிராம். அப்பாடா, சிறிய அளவுதான் என்று நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலவையில் மருந்தின் எடையை மட்டும் பார்க்கக்கூடாது, அதோடு சேர்ந்த மற்றப் பொருளின் எடையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரு மாத்திரை 100 மில்லிகிராம் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 1,580 மாத்திரை 158 கிராம் ஆகிறது. வணிக அளவு. பத்து முதல் இருபது ஆண்டு சிறை. ஜாமீன் கேட்டால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: நீங்கள் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும்.

பயப்பட வேண்டாம், 158 அட்டையும் யாரிடமும் பிடிபடவில்லை. பிடிபட்டது 20 அட்டை. 200 மாத்திரை, இதே கணக்கில் 20 கிராம், இடைப்பட்ட அளவு. அதற்கே பத்து ஆண்டு வரை தண்டனை உண்டு என்றாலும் 37-ஆம் பிரிவின் தடை அங்கே இல்லை.

அந்த 20 அட்டைக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு? பேட்ச் நம்பர். அது பலவீனமான சாட்சியம். ஒரே பேட்ச் ஏராளமான கடைகளுக்குப் போகும். உங்கள் கடையில் இருந்த பேட்ச் என்பதால் உங்கள் கடையிலிருந்து போனது என்று ஆகிவிடாது. பையன்கள் போலீசிடம் உங்கள் கடையைச் சொன்னார்கள் என்பதும் தனியாக நின்று தண்டனை வாங்கித் தராது. இந்த இரண்டு மெல்லிய நூலையும் முறுக்கிக் கயிறாக்கக்கூடிய ஒரே பொருள் உங்கள் மேஜையில் இருக்கும் அந்தப் பதிவேடு.

அதனால்தான் டாக்டர் நண்பரின் பழைய தேதிச் சீட்டைப் படித்ததும் பதறிப்போனேன். இந்தக் குழியில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்த ஒருவர் இரண்டு மாதக் கணக்கை ஒரே ராத்திரியில் எழுதி முடித்திருந்தார். எல்லா வரியும் ஒரே பேனா, ஒரே கையழுத்தம், ஒரு அடித்தல் திருத்தம்கூட இல்லை. சீட்டு கொடுத்த டாக்டரைக் கூப்பிட்டு விசாரித்ததும், இது என் எழுத்தே இல்லை என்று கைவிரித்துவிட்டார். ஒரு சீட்டில் போட்டிருந்த தேதியில் அவர் வெளிநாட்டில் இருந்திருக்கிறார். அதுவரை பதிவேடு எழுதாத கடைக்காரராக இருந்தவர் அன்றிலிருந்து போலி ஆவணம் செய்தவர். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 336, 340 பிரிவுகள் வந்து சேர்ந்தன. மருந்து வழக்கை முடித்துக்கொடுத்திருப்பேன். இதை என்னால் முடிக்க முடியவில்லை.

உங்கள் நிலைமை அதைவிட மோசம். ஆய்வாளர் பதிவேட்டை எடுத்துப் போகாமல் படம் மட்டும் எடுத்ததை நல்ல காலம் என்று நினைக்கிறீர்கள். நாளை நீங்கள் 158 அட்டைக்கும் வரி எழுதிவிட்டால், அவர் போனில் உள்ள படத்தையும் உங்கள் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். வேறு சாட்சியே வேண்டாம். தெரியாமல் நடந்தது என்ற உங்கள் வாதமும் அன்றோடு போயிற்று. தெரியாதவர் எதற்கு மறைக்கிறார் என்பார்கள். போதைப்பொருள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, உங்களுக்குக் குற்ற எண்ணம் இருந்தது என்று முதலிலேயே அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். அந்தச் சுமையோடு ஒரு போலிப் பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு கூண்டில் ஏறாதீர்கள். பில்லிங் சாஃப்ட்வேரில் கைவைப்பதும் இதேதான். வாங்கிய கணக்கு மொத்த வியாபாரியிடம் முழுசாக இருக்கிறது. பதிவேட்டைக் கிழிப்பது, தொலைந்துவிட்டது என்று புகார் கொடுப்பது எல்லாம் நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவு, ஆதாரத்தை அழிக்கும் குற்றம்.

சரி, நேர்மையாக என்ன செய்யலாம்? நிறைய செய்யலாம். பில் போட்டு, டாக்டர் பெயரும் எழுதி, எச்1 பதிவேட்டில் மட்டும் ஏற்றாமல் விட்ட விற்பனை கண்டிப்பாக இருக்கும். காலாவதிக்கு முன் ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்பி அனுப்பியது இருக்கும், அதற்குக் கிரெடிட் நோட் இருக்கும். பழைய வாடிக்கையாளர்கள் வீட்டில் சீட்டு வைத்திருப்பார்கள், அதன் நகலை வாங்கலாம். இவற்றையெல்லாம் சேர்த்து, பதிவேட்டைத் தொடாமல், தனித் தாளில், இன்றைய தேதி போட்டு ஒரு கணக்கு எழுதுங்கள். 158 என்பது 60 ஆகலாம், 40 ஆகலாம். மீதிக்குக் கணக்கு இல்லை என்றால் இல்லைதான். கணக்குத் தெரியாத 40 அட்டையோடு நிற்பவருக்காக என்னால் வாதாட முடியும்.

அந்தக் கணக்கு முடியும்வரை நோட்டீசுக்கான பதிலில் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். கால அவகாசம் கேளுங்கள். பதிலை இரண்டாகப் பிரியுங்கள். பார்மசிஸ்ட் விஷயத்தை ஒப்புக்கொள்ளுங்கள். அன்று லீவில் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். ஏழு மாதப் பாக்கியோடு கோபத்தில் இருக்கிற மனிதர், நான் அங்கே வேலையே செய்யவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உங்கள் கடிதமே பொய் ஆகிவிடும். முழுநேரப் பார்மசிஸ்ட் ஒருவரை உடனே நியமித்து, நியமனக் கடிதத்தை இணைத்து, குறுகிய கால லைசென்ஸ் நிறுத்தத்தையும் 32பி சமரசத்தையும் நீங்களாகவே கேளுங்கள். ரோஷம் பார்க்க வேண்டாம். ஒரு மாதம் கடை பூட்டியிருப்பது அவமானமாகத் தெரியும், ஆனால் சண்டை போட்டு ரத்து வாங்கினால் மூன்று மாதத்துக்குள் அரசுக்கு மேல்முறையீடு, அப்புறம் ஐகோர்ட், அதுவரை கடை மூடியே கிடக்கும். ஸ்டாக் விஷயத்தில், ஆவணங்களைச் சரிபார்த்து வருகிறேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். ஆய்வாளர் கேட்டார் என்று கைப்பட எழுதிக் கொடுக்கும் கடிதம் கோப்பில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

பழைய பார்மசிஸ்டின் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். தர வேண்டியதில்லை, சட்டவிரோத ஒப்பந்தம்தானே என்று வாதிடலாம்; வாதிட்டு என்ன கிடைக்கும்? வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். ஆனால், நான் கடையில் இருந்தேன் என்று சொல் என்று ஒரு நிபந்தனையும் வைக்காதீர்கள். நிபந்தனை வைத்த நிமிடமே கடன் தீர்ப்பது சாட்சியை விலைக்கு வாங்குவதாக மாறிவிடும்.

நீங்கள் கேட்ட தீர்ப்பு உண்மைதான். 2020 ஆகஸ்டில் அசோக் குமார் சர்மா வழக்கில், 1940 சட்டத்தின் நான்காம் அத்தியாயக் குற்றங்களுக்குப் போலீஸ் முதல் தகவல் அறிக்கை போட்டு விசாரிக்க முடியாது, 32-ஆம் பிரிவில் சொன்ன மருந்து ஆய்வாளர் போன்றவர்கள்தான் வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு போதைப்பொருள் சட்டத்தைத் தொடவில்லை. போலீஸ் அந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டிருந்தால், ரத்து மனுவுக்குச் செலவழிக்கும் பணம் வீண்தான். அதைவிட, மனுவில் உங்கள் கதையை முழுவதும் எழுதி அரசுத் தரப்புக்கு முன்கூட்டியே படிக்கக் கொடுத்துவிடுவீர்கள். முதலில் வழக்கு எந்தப் பிரிவில் என்று பாருங்கள். போலீஸ் கொடுத்த தாளில், புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179 என்று இருந்தால் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 35(3) என்று இருந்தால் சந்தேகம் உங்கள் மேல்தான். போகாமல் இருந்தால் அதையே கைதுக்குக் காரணம் ஆக்குவார்கள். எதுவானாலும் போக வேண்டும், வக்கீலைப் பார்த்த பிறகு போக வேண்டும். 35(3) என்றால் முன்ஜாமீன் மனு தயாராக இருக்கட்டும்.

கடைசியாகக் கடைப் பையன். விற்றது அவன்தான் என்று எழுதி வாங்கலாமா என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. வேண்டாம். லைசென்ஸ் உங்கள் பெயரில், 240 அட்டைக்கும் ஆர்டர் உங்கள் பெயரில். வாரத்துக்கு எட்டு அட்டைக்கு மேல் ஒரே தூக்க மாத்திரை போகிறதே என்று கவனித்திருக்க வேண்டியவர் நீங்கள். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இந்த மாத்திரையைச் சாராயத்தோடு சேர்த்துப் போட்டால் மூச்சு அடங்கிவிடும். பிடிபட்டவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். நீதிபதியும் இதைத்தான் முதலில் நினைப்பார். பையன் எழுதிக் கொடுத்தாலும் ஸ்டேஷனில் முதல் நாளே, முதலாளி சொல்லித்தான் கொடுத்தேன் என்பான். எழுதச் சொன்னதையும் சேர்த்துச் சொல்வான். அவனுக்குத் தனியாக ஒரு வக்கீல் வேண்டும். உங்கள் வக்கீலே அவனுக்கும் ஆஜராகக்கூடாது, உங்கள் இருவரின் நலனும் ஒன்றல்ல. அவன் வீட்டில் வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைக்கும். அவன் பெற்றோரிடம் இன்றே அதைச் சொல்லி அனுப்புங்கள்.