எண்டெரல் தொடங்குபவர்களுக்கு: கேள்வி பதில்

எண்டெரல் என்ற கணினி விளையாட்டை மூன்று முறை முழுதாக முடித்திருக்கிறேன். அதைத் தொடங்கப்போகிற நண்பர்களும், தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்பவர்களும் கேட்ட கேள்விகளை ஓரிடத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கதையின் திருப்பங்களை எங்கும் உடைக்கவில்லை. பயப்படாமல் படிக்கலாம்.

கேள்வி: எண்டெரல், எண்டெரல் என்கிறீர்களே, அது ஸ்கைரிமுக்கு ஒரு கூடுதல் குவெஸ்ட்தானே (கதைப் பணிதானே)?

இல்லை. ஸ்கைரிம் என்ற புகழ்பெற்ற மாய உலக விளையாட்டின் இன்ஜினை, அதாவது அதை இயக்குகிற மென்பொருளை, மட்டும் எடுத்துக்கொண்டு முழுக்க வேறு உலகம், வேறு கதை, வேறு விதிமுறைகள் என்று கட்டியிருக்கிறார்கள். ஸ்கைரிமின் ஊர் ஒன்றுகூட இதில் கிடையாது. டிராகன் மொழியில் கத்துவதும் கிடையாது. செய்தவர்கள் ஷூர்ஏஐ என்ற ஜெர்மானியத் தன்னார்வலர் குழு. 2010-இல், ஸ்கைரிமுக்கு முந்தைய ஆப்லிவியன் விளையாட்டின் மேல் நெஹ்ரிம் என்று இதேபோல ஒன்றைக் கட்டியவர்களும் அவர்கள்தான். எண்டெரல் 2016 ஜூலையில் ஜெர்மனிலும், அடுத்த மாதம் ஆங்கிலத்திலும் வந்தது. 2019 பிப்ரவரியில் 'ஃபர்காட்டன் ஸ்டோரீஸ்' என்ற விரிவாக்கத்தோடு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைக்கு வந்தது.

கேள்வி: காசு எவ்வளவு? எந்தப் பதிப்பை இறக்க வேண்டும்?

இலவசம். ஆனால் ஸ்டீமில் நீங்கள் ஸ்கைரிம் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. ஒன்று 2011-இல் வந்த பழைய ஸ்கைரிமுக்கு, இன்னொன்று அதையே மேம்படுத்திப் பின்னால் வெளியிட்ட ஸ்பெஷல் எடிஷனுக்கு. ஸ்பெஷல் எடிஷன் கையில் இருந்தால் யோசிக்காமல் அதற்கானதையே எடுங்கள். அது 64 பிட், நினைவகத் தட்டுப்பாட்டால் நின்றுபோவது குறைவு. ஸ்டீம் வழியாக இறக்கினால் எண்டெரல் தனி ஃபோல்டரில்தான் உட்காரும். உங்கள் ஸ்கைரிமும் அதன் சேவ்களும் (சேமித்த ஆட்டங்களும்) அப்படியே இருக்கும்.

கேள்வி: அண்ணா, என்னிடம் ஸ்கைரிமுக்கு நூறு மோட் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) இருக்கிறது. அதையெல்லாம் இதிலும் போடலாமா?

வேண்டாம் தம்பி. ஸ்கைரிமின் ஊர்களை, மனிதர்களை, திறன்களை மாற்றும் மோட் எதைப் போட்டாலும் இங்கே ஏதாவது உடையும். ஏனென்றால் அது தேடுகிற இடமே இங்கே இல்லை, அல்லது வேறொன்றாக மாறியிருக்கிறது. ஸ்கைரிமின் பிழைகளைத் திருத்துகிற 'அன்அஃபிஷியல் பேட்ச்' எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடுவது. அதைக்கூட இங்கே போடக் கூடாது. மரம், கல், துணியின் படங்களை மட்டும் மாற்றுகிறவை பெரும்பாலும் தொந்தரவு தராது. இருந்தாலும் முதல் முறை எதுவும் சேர்க்காமல் விளையாடு. ஒளி எங்கிருந்து விழ வேண்டும், மூடுபனி எங்கே தொடங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அதை அவர்கள் வைத்தபடியே ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கேள்வி: தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகிறது, ஏழு தடவை செத்துவிட்டேன். ஸ்கைரிமில் நான் இவ்வளவு மோசமாக ஆடியதில்லை. எங்கே தப்பு?

உங்கள் ஆட்டத்தில் தப்பில்லை. ஸ்கைரிமில் நீங்கள் வளர வளரத்தான் எதிரியும் வளர்வான், எந்தக் குகைக்குள் எப்போது நுழைந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். எண்டெரலில் அப்படி இல்லை. ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிற பூதம் நீங்கள் மூன்றாம் லெவலில் போனாலும் முப்பதாம் லெவலில் போனாலும் அதே பூதம்தான். அதனால் ஓரிடத்தில் இரண்டு அடியில் விழுந்தால், அது இப்போதைக்கு உங்கள் இடம் இல்லை என்று புரிந்துகொண்டு திரும்பிவிட வேண்டும். வரைபடத்தில் குறித்து வையுங்கள். பத்து லெவல் கழித்து அதே இடத்துக்குப் போய் ஜெயிக்கும்போது கிடைக்கிற நிறைவு ஸ்கைரிமில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

தொடக்கத்தில் ரிவர்வில் கிராமத்தைச் சுற்றியே இருங்கள். அங்கே கிடைக்கிற சின்னச் சின்ன வேலைகளை முடித்துவிட்டு, சாலையை விட்டு இறங்காமல் ஆர்க் நகரம் வரை போங்கள். ஆர்க்தான் தலைநகரம். கடைகள், வேலைகள், கதை எல்லாம் அங்கேதான் திறக்கும்.

கேள்வி: இந்த ஆர்க்கேன் ஃபீவர் என்பது என்ன? திரையில் ஒரு சதவீதம் ஏறிக்கொண்டே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாயம் உடம்புக்குள் சேரச் சேர ஏறுகிற காய்ச்சல் அது. உயிர் கூட்டுகிற மருந்துக் குப்பிகளைக் குடித்தால் ஏறும். மந்திரத்தால் காயத்தை ஆற்றிக்கொண்டாலும் ஏறும். நூறு சதவீதத்தைத் தொட்டால் மரணம், அவ்வளவுதான். தூங்கி எழுந்தால் இறங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதைக் குறைக்க அம்ப்ரோசியா என்ற மருந்து வேண்டும். விலை கூடுதல், தொடக்கத்தில் அரிது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஆட்டத்தில் ஒரு பாழடைந்த கோவிலுக்குள் மூன்று எலும்புக்கூடுகள் சூழ்ந்துகொண்டன. ஸ்கைரிம் பழக்கத்தில் பையைத் திறந்து நாலு குப்பியை வரிசையாகக் குடித்தேன். உயிர்க்கோடு முழுதாக நிரம்பியது. எலும்புக்கூடுகளில் இரண்டு ஏற்கெனவே தரையில் கிடந்தன. மூன்றாவதன் மேல் வாளை ஓங்கும்போது என் ஆள் தானாகச் சுருண்டு விழுந்தான். அடி எதுவும் படவில்லை. காய்ச்சல் நூறைத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து என் பையில் குப்பியைவிடச் சமைத்த சாப்பாடுதான் அதிகம். எங்கே அடுப்பைப் பார்த்தாலும் நின்று, கையில் இருக்கிற இறைச்சியைச் சமைத்துவிடுங்கள். சண்டைக்கு நடுவில் உயிர் போகிற நிலையில் மட்டும் குப்பி. ஒரு அம்ப்ரோசியாவை எப்போதும் தொடாமல் வைத்திருங்கள்.

இது வெறும் விளையாட்டு விதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கதையில் உங்கள் ஆளுக்கு இந்தக் காய்ச்சல்தான் முதல் பிரச்சினை. நீங்கள் அந்த எண்ணைப் பார்த்துப் பதறுவதும் அவன் பதறுவதும் ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் இந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: வாளை எவ்வளவு வீசினாலும் வாள் திறன் ஏறவில்லையே?

ஏறாது. இங்கே குவெஸ்ட், எதிரி, புதிய இடம் இவற்றால் அனுபவப் புள்ளி சேரும், லெவல் ஏறும். லெவல் ஏறும்போது கற்றல் புள்ளிகள் கிடைக்கும். அப்புறம் கடையில் அந்தத் திறனுக்கான புத்தகத்தை வாங்கிப் படித்தால்தான் திறன் கூடும். 25 வரை ஒரு வகைப் புத்தகம், 50 வரை அடுத்தது, 75 வரை, 100 வரை என்று நாலு படி. மேலே போகப் போக விலை ஏறும். ஆகவே பணம் முக்கியம். கண்ணில் படுகிற கவசத்தையெல்லாம் விற்றுப் புத்தகம் வாங்குங்கள். கைவினைக்கு, அதாவது மருந்து தயாரிப்பது, கொல்லர் வேலை போன்றவற்றுக்கு, தனிப் புள்ளி.

மூன்றாவதாக நினைவுப் புள்ளிகள். தியானத்தில் அமர்ந்து ஒரு மண்டபத்துக்குள் போய் அவற்றைச் செலவிட வேண்டும். அங்கே போர்வீரன், மந்திரவாதி, திருடன் வகையறாக் கிளைகள் இருக்கும். விரிவாக்கத்தில் ஆவிகளை அழைக்கிறவர்களுக்கும், ஓநாயாக மாறுகிறவர்களுக்கும் கிளை சேர்த்திருக்கிறார்கள். இரண்டே இரண்டு கிளைகளைத் தேர்ந்தெடுத்து அவற்றிலேயே போடுங்கள். நீங்கள் அதிகம் போட்ட இரண்டு கிளைகளின் சேர்க்கையைப் பொறுத்து ஒரு தனிச் சிறப்புக் கிடைக்கும். ஐந்து இடத்தில் தூவினால் எதுவும் முளைக்காது.

கேள்வி: ஃபாஸ்ட் டிராவல் இல்லை என்கிறார்களே, நடந்தே சாக வேண்டுமா?

வரைபடத்தைத் தொட்டுப் பறக்கிற வசதி இல்லை. மைராட் என்ற பறக்கும் விலங்கு இருக்கிறது, அதன் கோபுரத்தில் காசு கொடுத்தால் ஏற்றிக்கொண்டு போகும். ஊர் ஊராக இடம் மாற்றும் சுருள்களும் கடையில் கிடைக்கும், ஆர்க்குக்குத் திரும்புகிற சுருள் குறைந்தது இரண்டு பையில் இருக்கட்டும். மற்ற நேரம் நடங்கள். நடக்கிற வழியில்தான் எண்டெரலின் பாதி இருக்கிறது.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார்தான். கதை புரியுமா?

புரியும். எல்லா வசனத்துக்கும் குரல் இருக்கிறது, நல்ல நடிகர்கள், நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். கஷ்டம் புத்தகங்களில்தான் வரும், அவற்றை அவசரமின்றிப் படிக்கலாம். ஒளிப்பிறவிகள் என்ற ஏழு கடவுளர் இருந்தார்கள், இப்போது இல்லை, அதற்குப் பிறகு 'செம்பித்து' என்று ஒரு கொடிய மனநோய் நாட்டில் பரவுகிறது. இவ்வளவு தெரிந்துகொண்டு உள்ளே போனால் போதும், தொலைந்துபோக மாட்டீர்கள்.

கேள்வி: நெஹ்ரிம் விளையாடாமல் இதைத் தொடங்கலாமா?

தாராளமாக. விளையாடியிருந்தால் சில பெயர்கள் இன்னும் ஆழமாகக் கேட்கும், அவ்வளவே.

கேள்வி: எல்லோரும் கதையைப் புகழ்கிறார்கள். திருப்பங்களைச் சொல்லாமல், அதில் அப்படி என்ன இருக்கிறது என்று சொல்ல முடியுமா அண்ணா?

முயல்கிறேன். ஆட்டம் ஒரு கனவில் தொடங்குகிறது. நல்ல வெயில், புல்வெளி, ஒரு வீடு, உள்ளே அப்பா. ஒரு நிமிடம் எல்லாம் அழகாக இருக்கிறது. அப்புறம் அப்பா பேச ஆரம்பிக்கிறார், ஏதோ சரியில்லை என்று வயிறு சொல்கிறது. அந்த உணர்வைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஆர்க் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மாளிகைகள், சூரியக் கோவில், சுத்தமான கல்தெருக்கள். அதே ஊருக்கு அடியில், வெயில் விழாத குகைக்குள் இன்னொரு ஊர். எண்டெரலில் ஒவ்வொருவருக்கும் ஒரு 'வழி' விதிக்கப்பட்டிருக்கிறது. அந்த வழியிலிருந்து விலகியவர்கள் 'வழியற்றவர்கள்', அவர்களுக்கு அந்தக் குகைதான் கதி. இதை ஒரு பாத்திரம்கூட உங்களிடம் பாடமாக நடத்துவதில்லை. நீங்கள் படியிறங்கிப் போய்ப் பார்க்கிறீர்கள். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் படிகளில் இறங்கும்போது வேறு விளக்கம் தேவைப்படாது.

அப்புறம் மனிதர்கள். ஜெஸ்பர் என்ற கூலிவீரனும் கலியா என்ற பெண்ணும் உங்களோடு வருவார்கள். சண்டையில் உதவுகிற பொம்மைகளாக அவர்களை நடத்தாதீர்கள். 'கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமா' என்கிற மாதிரி ஒரு வாய்ப்பு வந்தால், முக்கிய வேலையை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். சில பேச்சுகள் அந்த நேரத்தைத் தாண்டினால் திரும்பி வராது.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஸ்கைரிம் ஆடுகிறான், இதையும் கேட்கிறான். கொடுக்கலாமா?

இப்போது வேண்டாம் என்பேன். ரத்தத்துக்காகச் சொல்லவில்லை. மனச்சோர்வு, தற்கொலை, குழந்தைகள் படுகிற கொடுமை இவற்றையெல்லாம் கதை நேராகத் தொடுகிறது, தொட்டுவிட்டு ஆறுதல் சொல்லாமலும் விடுகிறது. பெரியவர்களுக்குமே இதைச் சொல்கிறேன்: மனம் சரியில்லாத நாட்களில் கதையைத் தள்ளிவைத்துவிட்டுக் காட்டில் மூலிகை பறியுங்கள்.

கேள்வி: அடிக்கடி நின்றுபோகிறது. ஏதாவது வழி?

ஆட்டோசேவை மட்டும் நம்பாதீர்கள். மெனுவைத் திறந்து, புதிய சேவாகப் போடுங்கள், ஒன்றின் மேலேயே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். சண்டைக்கு நடுவில் சேவ் செய்யாதீர்கள். நின்றுபோனால் விளையாட்டை முழுதாக மூடித் திறந்துவிட்டு ஏற்றுங்கள். இவ்வளவு செய்ததிலேயே எனக்கு முக்கால்வாசி தொல்லை போய்விட்டது.

கேள்வி: முக்கியக் கதை முடிந்த பிறகும் உலகத்தில் சுற்றலாமா?

முடியாது. முடிவு என்றால் முடிவுதான், பெயர்கள் ஓடும், முகப்புத் திரைக்கு வந்துவிடுவீர்கள். அதனால் பக்கக் கதைகளை முன்னதாகவே முடியுங்கள். குறிப்பாக, விரிவாக்கத்தில் வந்த ரலாட்டா கூட்டத்தின் கதையைத் தவறவிடாதீர்கள், நிலத்தடி நகரம் முழுதாகப் புரிவது அதில்தான்.

கடைசி அத்தியாயத்துக்கு முன் தனியாக ஒரு சேவ் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. ஆர்க்கில் டான்சிங் நோமட் என்ற மதுக்கடை, இரவு. மூலையில் ஒரு பாடகி யாழை மீட்டிக்கொண்டு பாடுகிறாள், மேசைகளில் நாலைந்து பேர், வெளியே மழை. வேறு கேம் ஆடிக் களைத்த நாட்களில் அந்தச் சேவைத் திறந்து, அவள் பாட்டு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.